எண்ணுக்கு இடம் விடுங்கள்: கெப்பாலா பத்தாஸ் வாகன இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கெப்பாலா பத்தாஸ், பெர்தாம், பினாங் துங்கால், தாசேக் குளுகோர், பெனாகா ஆகிய பினாங்கு மாநில ஊர்களில் வசித்துக்கொண்டு, பகலெல்லாம் தொழிற்சாலையிலோ கடையிலோ உழைத்துச் சம்பாதிக்கும் பணத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் ஒதுக்கிவைத்து, பழைய கஞ்சில், வீரா, மைவி கார்களை அந்நிய நாட்டுப் பம்பர்களாலும் விளக்குகளாலும் அலங்கரித்து வருகிற தம்பிமார்களுக்கு என் அன்பும் வணக்கமும்.

உங்களைக் கண்டிக்கும் நோக்கத்தோடு இதை எழுதவில்லை. கைக்காசைக் கரியாக்குகிறார்கள் என்று உங்களைப் பற்றி அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம் ஊரில் பலர் உண்டு. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். எங்கோ கழற்றப்பட்ட ஒரு பழைய பம்பரை வாங்கிவந்து, அதன் விரிசலை அடைத்து, புட்டி பூசி, மணல்தாளால் தேய்த்து, மறுபடியும் பூசி, மறுபடியும் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை ஓட்டிப் பார்த்து, மேடு பள்ளம் எங்கும் தட்டவில்லை என்று மனம் திருப்தியடைந்த பிறகே சாயம் அடிக்கத் துணிகிற அந்தப் பொறுமையை, ஒரு தொழிலின் தபஸ் என்றே நான் கருதி வந்திருக்கிறேன். படிப்பில் மனம் செல்லாத பிள்ளை என்று பள்ளியில் பெயர் வாங்கியவன், பட்டறையில் ஒரு விளக்கின் இணைப்பு வரிசையைக் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை ஆராய்வதைப் பார்த்தவர்கள், அவனிடம் சிரத்தை இல்லை என்று இனி ஒருபோதும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் ரசனைக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1985 ஜூலையில் நம் மலேசிய நாட்டின் முதல் கார் என்று கொண்டாடப்பட்டு வெளிவந்த புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சர் பியோரே என்னும் ஜப்பானிய வாகனத்தை ஆதாரமாகக் கொண்டு பிறந்தது. 1993இல் வந்த வீராவும் லான்சரின் வம்சமே. அதே ஆண்டில் நிறுவப்பெற்ற பெரோடுவா, 1994இல் கஞ்சிலைத் தந்தபோது அதன் உடம்பு டைஹாட்சு மிராவினுடையதாக இருந்தது. 2000இல் கெனாரிக்கு டைஹாட்சு மூவ், 2001இல் கெலிசாவுக்குப் பிந்திய தலைமுறை மிரா, 2005இல் மைவிக்கு டைஹாட்சு பூன் என்று அந்தப் பந்தம் தொடர்ந்தது. அந்தப் பூன் காரையே டொயோட்டா, பாஸோ என்ற நாமத்தில் ஜப்பானில் விற்றது. ஆகவே, அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்துவதுபோல, ஒசாக்காவிலோ நகோயாவிலோ ஓடித் தேய்ந்த மிராவின் முகப்பு, நம் கஞ்சிலுக்குப் பெரிய பிரயாசை இல்லாமல் பொருந்திவிடுகிறது. வீராவின் முகத்தில் லான்சர் எவலூஷன் பம்பரை ஏற்றியவர்கள் யாரும் ஆகாயத்திலிருந்து ஓர் ஆசையைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. வீராவுக்குள் ஏற்கெனவே இருந்த உறவையே வெளியே எடுத்துக் காட்டினார்கள்.

இந்த உதிரிப் பாகங்கள் நம்மை வந்தடையும் வழியும் அறியத்தக்கது. ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் செலவு மிகுந்த கட்டாயப் பரிசோதனை உண்டு; அதற்குப் பணம் கட்டுவதைவிட வண்டியைக் கைவிடுவதே லாபம் என்று கருதுகிறவர்கள் அங்கே அநேகர். அப்படிக் கைவிடப்பட்ட வண்டிகளின் முன்பாதி, இயந்திரமும் விளக்குகளும் பம்பருமாக அறுக்கப்பட்டு, ஹாஃப் கட் என்ற பெயரில் கப்பலேறி நம் கடைகளுக்கு வருகிறது. தொழிற்சாலையில் வார்த்த அசல் பாகத்தை மலிவு விலைப் போலிப் பாகத்தோடு அருகருகே வைத்துப் பார்த்தவனுக்கு, ஏன் நீங்கள் அந்தக் கடைகளில் மணிக்கணக்காக நிற்கிறீர்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் மனமார ஒப்புக்கொண்ட பிறகு, உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அந்நிய நாட்டுப் பம்பரையோ பின்கதவையோ வாங்குமுன், நம் நாட்டு எண் பலகை அதில் எங்கே, எந்த அளவில் அமரும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். இன்று பெரும்பாலான பட்டறைகளில் அது கடைசி வேலையாக இருக்கிறது. சாயம் காய்ந்து, விளக்கு எரிந்து, படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிய பிறகு, எஞ்சிய இடத்தில் எண்ணைத் திணிக்கிறோம். கோளாறு முழுவதும் அந்த வரிசையில் இருக்கிறது.

அளவுகளை எடுத்துக்கொண்டு சற்று நிதானமாகப் பார்ப்போம். சாலைப் போக்குவரத்து இலாகா காருக்கு விதித்திருக்கும் எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே 10 மில்லிமீட்டரும், எழுத்துத் தொகுதிக்கும் எண் தொகுதிக்கும் நடுவே 30 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். மூன்று எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட பினாங்குப் பதிவு ஒன்றை ஒரே வரிசையில் எழுதினால், ஏழு குறிகளுக்கு 280, எழுத்துகளின் இடையே 20, எண்களின் இடையே 30, நடுவிலே 30 என்று கூட்டி 360 மில்லிமீட்டர் ஆகிறது. ஒன்று என்ற எண் வந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஜப்பானிய எண் பலகையின் அகலமோ 330 மில்லிமீட்டர், உயரம் 165. அந்தப் பலகைக்கென்று குழிந்திருக்கும் இடத்தில், ஓரம் விடுவதற்கு முன்பே நம் எண் 30 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. இதைத்தான் ஒவ்வொரு பட்டறையிலும் நீங்கள் கண்ணால் காண்கிறீர்கள். எண் பலகைக் கடையில் போய், அண்ணே, கொஞ்சம் நெருக்கி அடிச்சுக் குடுங்க என்று கேட்பதும் இந்த 30 மில்லிமீட்டருக்காகத்தான்.

நெருக்கத் தொடங்கினால் நடப்பது என்ன? நடுவிலிருக்கும் 30 மில்லிமீட்டர் இடைவெளி முதலில் காணாமல் போகிறது. பிறகு எழுத்தின் அகலம் குறைகிறது. அகலத்தோடு உயரமும் குறைந்தால்தான் அழகு என்று தோன்றுகிறது. உயரம் குறைந்த எழுத்து சாய்ந்தால் இன்னும் விசேஷமாக இருக்கும் என்று படுகிறது. சட்டத்தை மீற வேண்டுமென்ற சங்கற்பம் ஏதுமில்லாமல், ஒரு பள்ளத்தின் அகலத்துக்குப் பணிந்து பணிந்தே, பத்தடி தூரத்தில் படிக்க முடியாத ஓர் எண் உண்டாகிவிடுகிறது.

இதற்கு நிவாரணம் அந்தப் பள்ளத்திலேயே இருக்கிறது. எண்ணை இரண்டு வரிசையாக, மேலே எழுத்தும் கீழே எண்ணுமாக எழுதினால், உயரம் 70ம் 70ம், நடுவே 10 விட்டால் மொத்தம் 150 மில்லிமீட்டர். அகலம் நான்கு எண்ணுக்கு 190தான். ஜப்பானியக் குழிவில் மேலும் கீழும் ஏழரை மில்லிமீட்டர் ஓரம் விட்டு, பக்கங்களில் தாராளமாக இடம் விட்டு, ஓர் எழுத்தைக்கூடச் சுருக்காமல் அது அமர்ந்துவிடும். ஐரோப்பியப் பம்பர் என்றால் அங்கே பலகை பெரும்பாலும் 520 மில்லிமீட்டர் அகலம், 110 உயரம். நம் ஒற்றை வரிசை அதில் சௌகரியமாகப் படுத்துக்கொள்ளும். அமெரிக்கப் பம்பரில்தான் சங்கடம் இருக்கிறது. பன்னிரண்டுக்கு ஆறு அங்குலம் என்ற அந்த அளவில் உயரம் 152 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. இரட்டை வரிசை எழுதினால் மேலே ஒரு மில்லிமீட்டர், கீழே ஒரு மில்லிமீட்டர்தான் மிஞ்சும். குழிவைவிடப் பெரிய பலகையை அடித்து, அதற்கேற்ற தாங்கி ஒன்றைச் செய்து, குழிவின் விளிம்புக்கு முன்னால் நிறுத்துவதே அங்கே சரியான வழி. பம்பருக்குக் கால் முளைக்க வைக்கும் கைகளுக்கு ஒரு தாங்கி செய்வது பெரிய காரியமா?

முன்பக்கத்துப் பலகையை வைத்தால் காற்று தடைப்படும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எவலூஷன் முகப்பிலுள்ள பெரிய திறப்பு, டர்போ இயந்திரத்துக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்காக வைத்தது. சாதாரண வீராவுக்கு அந்த உறுப்பே இல்லாதபடியால், அதன் குறுக்கே ஒரு பலகை அமர்வதால் சொல்லத்தக்க நஷ்டம் எதுவும் இல்லை. காரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த நீங்களே இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

எண்ணை நெருக்குவதற்கும் மேலே போய், அதை ஒளிப்பவர்களும் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். மிரா வகைச் சிறு கார்களுக்கு ஜப்பானில் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்துள்ள பலகை. அதைப் போன்ற ஓர் அலங்காரத் தகட்டைக் கஞ்சிலின் பின்புறத்தில் முறைப்படி பூட்டிவிட்டு, நம் நாட்டு எண்ணைக் கண்ணாடிக்குள்ளே ஒரு மூலையில் சாய்த்து வைத்து ஓட்டுகிறார்கள். வேறு சிலர் எட்டு, பூஜ்யம், ஐந்து, ஐந்து என்ற எண்களை எஜமான் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகத் தோன்றும்படி வளைத்து எழுதுகிறார்கள். எண்ணை ஏலத்தில் எடுப்பதும், ராசியான எண் வேண்டுமென்று அதிகப் பணம் கட்டுவதும் சட்டத்துக்கு உட்பட்ட ஆசைகள். அவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கிடைத்த எண்ணை வேறு ஒன்றாகக் காட்டுவதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

ஏனெனில், தம்பிமார்களே, உங்கள் காரில் உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரே பொருள் அந்த எண்தான். இருக்கையின் துணி, சக்கரத்தின் வளையம், சாயத்தின் மினுமினுப்பு எல்லாம் உங்கள் பணம், உங்கள் பிரியம். எண்ணோ சாலையில் உங்களைச் சந்திக்கும் மற்றவர்களுக்காக அங்கே இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போகும் பழைய சாலை நம் ஊரின் நடுவாகத்தான் செல்கிறது. விரைவுச்சாலையில் பெர்தாமில் இறங்குகிறவர்களும் அதில் வந்து கலக்கிறார்கள். காலைச் சந்தைக்குச் சைக்கிளில் போகும் மூதாட்டியும், மோட்டார் சைக்கிளின் முன்னால் பிள்ளையை உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோகும் தாயும், வயலுக்குப் போகும் விவசாயியும் அதே சாலையில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு வாகனம் தட்டிவிட்டு நிற்காமல் போகுமானால், எதிரே தேநீர்க் கடை வாசலில் நிற்பவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிகள். அந்த விநாடிகளில் அவர் படித்து நினைவில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 70 மில்லிமீட்டர் உயரமும் 30 மில்லிமீட்டர் இடைவெளியும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவிலுள்ள அந்த வெற்றிடம் வீணாகக் கிடப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். கண்ணானது ஏழு குறிகளையும் ஒரே மூச்சில் விழுங்க முடியாமல், மூன்றாகவும் நான்காகவும் பிரித்து மனத்தில் பதித்துக்கொள்வது அந்த வெற்றிடத்தின் உதவியால்தான்.

இடித்துவிட்டு ஓடுகிறவர் உங்களில் யாரும் இல்லை என்று நான் பூரணமாக நம்புகிறேன். ஆனால் உங்கள் கார் களவு போனால்? மூடா ஆற்றைக் கடந்தால் கெடா. அதற்கு அப்பால் தாய்லாந்து எல்லை. நம் சந்தைத் தெருவில் பி என்று தொடங்கும் வண்டியும் கே என்று தொடங்கும் வண்டியும் தோளோடு தோள் உரசி நிற்பதால், எந்த எண்ணும் இங்கே யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது. நீங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த வண்டியை வேறொருவன் ஓட்டிப்போகும்போது, வழியில் நிற்கும் ஒருவரால் அதன் எண்ணைப் படிக்க முடிந்தால்தான் அது உங்களிடம் திரும்பி வர வழியுண்டு.

அந்த முதல் எழுத்துக்கும் ஒரு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. நீரிணைக் குடியேற்றங்களின் காலத்திலிருந்தே பினாங்கு வண்டிக்குப் பி. ஐக்கிய மலாய் மாநிலங்களில் பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்குத் தமிழில் பி என்றே எழுதப்படும் ஆங்கில இரண்டாம் எழுத்து, பகாங்குக்கு சி என்று வழங்கப்பட்டவை இன்றும் மாறவில்லை. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின. நம் வண்டியின் நெற்றியில் அந்த எழுத்து நிலைத்திருக்கிறது. பினாங்குக்காரர் என்பதில் அபிமானம் உள்ளவர்களுக்கு அதை மறைக்க எப்படி மனம் ஒப்புகிறதோ தெரியவில்லை.

எண்ணை நெருக்கினால் சாலைக் கேமராவுக்கு அகப்படாமல் இருக்கலாமே என்று ஒருவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். வெளிப்படையாகச் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் கேமராவுக்குப் புரியாத எண் வழிமறிக்கும் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். பம்பரைப் பற்றி ஒன்றும் கேளாமல் போயிருக்கக்கூடியவர், எண்ணைக் கண்டு வண்டியை ஓரம் கட்டச் சொன்ன பிறகு, விளக்கையும் கண்ணாடியையும் சக்கரத்தையும் சேர்த்தே பார்ப்பார். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டின் பதிவு, உரிம விதிகளும் எண் பலகையைச் சில்லறை விஷயமாகக் கருதவில்லை.

நீங்கள் மோகிக்கும் அந்த ஜப்பானியப் பம்பரைச் செய்தவர்கள் எண்ணை எப்படி நடத்தினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். அங்கே பலகையை அரசாங்கமே தருகிறது. பூன், பாஸோ போன்ற கார்களுக்குப் பின்பலகையின் இடது திருகின்மேல் ஒரு முத்திரை வைத்துவிடுகிறார்கள். அதை உடைக்காமல் பலகையைக் கழற்ற இயலாது. ஆகவே முகப்பை வரைய உட்காரும் கலைஞன், அந்த 330க்கு 165 செவ்வகத்தை முதலில் வைத்துவிட்டு, அதைச் சுற்றியே வளைவுகளையும் திறப்புகளையும் அமைக்கிறான். நீங்கள் வியக்கும் அழகில் அந்தச் செவ்வகத்துக்கும் பங்கு உண்டு. அதைக் காலியாக விட்டோ, போலித் தகட்டால் நிரப்பியோ ஓட்டும்போது, அவன் வரைந்த படத்தில் பாதியைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

நம் உறவினர்கள் வாழும் தமிழ்நாட்டிலும், இந்தியா முழுவதிலும், 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயம்; காருக்கு 500க்கு 120 அல்லது 340க்கு 200 மில்லிமீட்டர் என்று அளவும் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும் 2024 செப்டம்பரில் மின்வாகனங்களுக்காக, பச்சை விளிம்போடு, 98 ரிங்கிட் விலையில், இலாகாவே வழங்கும் பலகை அறிமுகமாயிற்று. எழுத்தை நெருக்கச் சொல்லிக் கேட்க அங்கே கடைக்காரர் இல்லை. அந்த முறை நாளை எல்லா வாகனங்களுக்கும் விரியுமானால், எண்ணுக்கு இடம் வைத்துச் செய்த வண்டிகள் அப்படியே நிற்கும். மற்றவற்றின் பம்பரைத் திரும்பவும் கழற்ற வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டொரு காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்கதவையோ பின்பம்பரையோ மாற்றும்போது எண் பலகைக்கு மேலிருக்கும் சிறு விளக்கின் கம்பியை விட்டுவிடாதீர்கள். இரவில் எரியாத எண், இல்லாத எண்ணே. ஜப்பானும் நம்மைப்போல இடது பக்கம் ஓட்டும் நாடாகையால் அங்கிருந்து வரும் முன்விளக்கு நமக்கு ஏற்றது. வலது பக்கம் ஓட்டும் ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளின் விளக்கு, எதிரே வருகிறவர் கண்ணில் ஒளியை வாரி அடிக்கும். அமெரிக்கப் பின்விளக்கில் திரும்பும் சைகை சிவப்பாகவே இருக்கலாம். இங்கே அது மஞ்சளாக இருக்க வேண்டும். இயந்திரத்தையோ காரின் நிறத்தையோ மாற்றினால் இலாகாவின் பதிவிலும் அது ஏற வேண்டும். ஏறாவிட்டால், வண்டியை விற்கும் நாளில் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் அகப்பட்டு, வாங்க வந்தவர் முன்னால் தலைகுனிய நேரும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றங்களைத் தெரிவித்துவிடுங்கள்.

உங்களில் சிலர் இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறீர்கள். ஒருவர் எண் பலகை அடிக்கும் கடையும் நடத்துகிறார் என்று கேள்வி. உங்களிடம் எனக்கு ஒரு தனி வேண்டுகோள். கெட்டி அட்டையில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றில் ஒற்றை வரிசையாகவும் மற்றொன்றில் இரட்டை வரிசையாகவும், ஓர் எண்ணை முழு அளவில் எழுதி, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவையுங்கள். ஒரு பையன் பம்பரைத் தூக்கிக்கொண்டு வந்தால், விலையையும் சாயத்தையும் பேசுமுன், அந்த அட்டையை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டுங்கள். பொருந்தினால் வேலையைத் தொடங்குங்கள். பொருந்தாவிட்டால், தாங்கி செய்ய இவ்வளவு ஆகும் தம்பி என்று அப்போதே சொல்லிவிடுங்கள். நெருக்கி அடித்துத் தரச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லுங்கள். அட்டை வெட்ட அளவு வேண்டுமானால், மேலே எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
கெப்பாலா பத்தாஸ்வாசி ஒருவர்